எங்கள் ரத்தத்தில் தப்பு இல்லை

நகரத்துக் கல்லூரி ஒன்றில் 'பாரம்பரியக் கலைகளைக் காப்போம்' என்று ஒரு கருத்தரங்கு. கவிதை எழுதுகிறவன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வங்கியில் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். பேசி முடித்து உட்காரப் போகும்போது பேராசிரியர் ஒருவர் மேடைக்கு ஒரு பறையைக் கொண்டுவரச் சொல்லி என் கையில் கொடுத்தார். "கவிஞர் தலைமுறை தலைமுறையாகப் பறையடிக்கிற குடும்பத்திலிருந்து வந்தவர். இப்போது ஒரு அடி அடித்துக் காட்டுவார்" என்று மைக்கில் சொன்னார். கூட்டம் கைதட்டியது.

எனக்கு அடிக்கத் தெரியாது. அதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "சும்மா அடிங்க சார், அதெல்லாம் உங்க ரத்தத்துலயே இருக்குமே" என்றார்.

நல்ல மனுசன்தான். இளக்காரமாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் ஊரில் "ஏலே, ஒங்கப்பன் அடிச்சான், நீயும் வந்து அடிடா" என்றவனுக்கும் இவருக்கும் இடையில் ஒரே ஒரு 'சார்'தான் வித்தியாசம். இரண்டு பேரும் சொல்வது ஒன்றே: நீ பிறந்த வயிறு உன் கைக்கு வேலை கொடுத்துவிட்டது. முதல் ஆள் அதைக் கட்டளையாகச் சொல்கிறான், இரண்டாம் ஆள் பாராட்டாகச் சொல்கிறார்.

தென்மாவட்டத்தில் நாங்கள் பறையைத் தப்பு என்போம். தப்பு என்றால் குற்றம் என்றும் அர்த்தம். தெரிந்துதான் தலைப்பு வைத்திருக்கிறேன். எங்கள் ரத்தத்தில் இரண்டுமே இல்லை.

1

எங்கய்யா தப்படித்தவர். அவர் அப்பாவும் அடித்தவர். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு 'கலைக்குடும்பம்' என்று எழுதிவிட ஆய்வாளர்களுக்கு ஆசை வரும். மீதி வரிகளையும் கேட்டுவிட்டு எழுதட்டும்.

ஊரில் ஒரு சாவு என்றால் எங்கள் வீட்டுக்கு நான்கு வேலை. சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் நடந்துபோய்க் கேதம் சொல்வது. பாடை கட்ட ஒத்தாசை. குழி வெட்டுவது. தப்படிப்பது. மாடு செத்தால் இழுத்துக்கொண்டு போய்ப் போடுவதும் எங்கள் ஆட்களே. இது எல்லாம் சேர்ந்த ஒரே மூட்டை. தப்பை மட்டும் வைத்துக்கொள்கிறேன், குழியை வேறு யாராவது வெட்டுங்கள் என்று சொல்ல முடியாது. இன்றைக்கு அந்த மூட்டையிலிருந்து ஒன்றை மட்டும் உருவி எடுத்துத் துடைத்து விளக்கொளியில் வைத்துக் 'கலை' என்கிறீர்கள். மற்ற மூன்றையும் என்ன செய்தீர்கள்? கேதம் சொல்லும் கலையைக் காப்போம் என்று ஏன் ஒரு கருத்தரங்கும் நடக்கவில்லை? குழி வெட்டுகிறவனுக்கு விருது கொடுத்துச் சால்வை போர்த்த ஏன் ஒருவரும் வரவில்லை? அதுவும் அப்பன் வழியில் பிள்ளைக்கு வந்த வேலைதானே?

இதற்குக் கூலி என்று ஒன்று கிடையாது. அறுப்புக்கு அறுப்பு களத்தில் அள்ளிப் போடுகிற நெல்லுதான். அதற்கு ஊரில் ஒரு பெயர் உண்டு: சுதந்திரம். "சொதந்தரம் வாங்கியாச்சாடா?" என்று கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஆகஸ்ட் பதினைந்துக்கு மிட்டாய் வாங்கித் தின்றபோது எனக்குக் குழப்பமாக இருந்தது. எங்கள் தெருவில் சுதந்திரம் என்றால் குனிந்து துண்டை விரித்துப் பிடித்து வாங்குவது.

நான் ஏழாவது படிக்கும்போது ஊருக்குள் ஒரு பெரிய சாவு. அய்யாவுக்கு மூணு நாளாகக் காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை. ராத்திரி இரண்டு பேர் வந்து தெருமுனையில் நின்றுகொண்டு கூப்பிட்டார்கள். ஆத்தா போய்ச் சொன்னாள். அதில் ஒருவன், அய்யாவைவிட இருபது வயது சின்னவன், "அவனுக்கு முடியலேன்னா பயல அனுப்பு. கை இருக்குல்ல?" என்றான். என்னைத்தான் சொன்னான். நான் அரிக்கேன் விளக்கில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அய்யா எழுந்து போனார். விடிய விடிய அடித்துவிட்டு வந்தார். காரியம் முடிந்த மறுநாள் சாவடிக்குப் போய், "இனிமே எங்க வீட்டுலருந்து ஆளு வராது சாமி" என்று சொல்லிவிட்டு வந்தார். அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரையும் களையெடுக்கக் கூப்பிடவில்லை. கடையில் சாமான் இல்லை. எங்கள் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போய் அபராதம் என்றார்கள். மூன்று மாதத்தில் மதுரைக்கு வந்து சிமெண்டு சுமந்தார். சுமந்தவர் என்னைப் பட்டதாரி ஆக்கினார். பரீட்சை எழுதி வங்கியில் கிளார்க் ஆனேன்.

சின்ன வயசில் இரண்டு குச்சியை எடுத்துத் தகர டப்பாவில் நான் தட்டினாலே முதுகில் ஒன்று விழும். என் கை அதில் படக்கூடாது என்று அத்தனை கவனமாக இருந்தார். எனக்கு அடிக்கத் தெரியாதது தற்செயல் இல்லை. அய்யா எனக்குச் சேர்த்து வைத்த சொத்து அதுதான். அதைத்தான் அந்த மேடையில் இழப்பு என்றார்கள்.

2

'குடும்பம் குடும்பமாக வரும் கலை', 'பரம்பரைக் கைத்தொழில்', 'மரபு வழி அறிவு' என்றெல்லாம் எழுதுகிறார்கள். இந்த நாட்டில் தொழில் குடும்ப வழியாக வருகிறது என்றால் அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. சாதி. குடும்பம் என்பது அதற்கு வைத்த செல்லப் பெயர். வேலையைப் பங்கிட்டுக்கொள்வது வேறு, வேலை செய்கிறவர்களையே அடுக்கடுக்காகப் பிரித்து ஒருவனுக்கு மேல் ஒருவனாக நிறுத்துவது வேறு என்று அண்ணல் அம்பேத்கர் 1936லேயே விளக்கிவிட்டார். அதற்கும் முன்பு, 1928இல், மகார்களைப் பரம்பரை ஊழியத்தில் கட்டிப்போட்டிருந்த வத்தன் முறைக்கு எதிராகப் பம்பாய் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். அந்த முறையிலும் ஊர்க்காரனுக்கு வேலை, கூலிக்குப் பதில் துண்டு நிலமும் தானியமும். எங்கள் களத்து நெல்லுக்கு அது அண்ணன் முறை.

தமிழ்நாட்டுக்கும் இது புதிது இல்லை. 1953இல் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பாதி நேரம், மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். பெரியார் அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி அடித்தார். 1954இல் ராஜாஜி போனார், காமராசர் வந்தார், திட்டம் போனது. அது போகாமல் இருந்திருந்தால் எங்கள் சனத்துப் பிள்ளைகள் காலையில் அ, ஆ படித்துவிட்டு மத்தியானம் செத்த மாட்டை உரிக்கப் போயிருப்பார்கள். அதற்கும் ஒருவர் 'மரபு வழி அறிவு' என்று முன்னுரை எழுதியிருப்பார்.

செத்த பாம்பை ஏன் அடிக்கிறாய் என்று கேட்கலாம். செத்ததா? 2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு 'விஸ்வகர்மா' என்ற பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. 13,000 கோடி ரூபாய். 18 தொழில்கள். குயவர், கொல்லர், தச்சர், முடிதிருத்துகிறவர், துணி வெளுக்கிறவர், செருப்புத் தைக்கிறவர். பயிற்சிக்கு ஒரு நாளைக்கு 500 ரூபாய், கருவிக்கு 15,000 ரூபாய், முதலில் ஒரு லட்சம் அப்புறம் இரண்டு லட்சம் என்று 5 சத வட்டிக்குக் கடன். வங்கிக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், ஏழைக் கைவினைஞனுக்கு 5 சத வட்டியில் கடன் நல்ல விசயம். ஆனால் விதியைப் படித்துப் பாருங்கள். குடும்ப வழிப் பாரம்பரியத் தொழிலில் இருக்க வேண்டும், குறைந்தபட்ச வயது 18. பதினெட்டு என்றால் கல்லூரி வாசலில் நிற்கிற வயசு. அந்த வாசலில் வைத்து, "உங்கப்பன் உளியை எடு, பணம் தர்றேன்" என்றால் அதற்கு என்ன பெயர்? தமிழக அரசு குடும்பத் தொழில் நிபந்தனையை எடு, வயதை 35 ஆக்கு என்று கேட்டது. மறுத்தார்கள். இந்த வடிவில் நடைமுறைப்படுத்த மாட்டோம் என்று 2024 நவம்பரில் எழுதிவிட்டு, 2025 ஏப்ரலில் சாதி, குடும்பம் கேட்காத கைவினைத் திட்டம் ஒன்றை இங்கே 25 தொழில்களுக்குத் தொடங்கினார்கள். இது நல்லதே.

ஆனால் சட்டத்தில் நிபந்தனை இல்லை என்பதால் மண்டைக்குள்ளும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நான் வேலை பார்த்த ஒரு கிளைக்கு எங்கள் சனத்துப் பையன் ஒருவன் வந்தான். கம்ப்யூட்டர் சென்டர் வைக்கக் கடன் கேட்டான். டிப்ளமா முடித்தவன். சாதிச் சான்றிதழைப் பார்த்த அதிகாரி அவனிடம் அக்கறையோடு சொன்னார்: "தம்பி, இதுல போட்டி அதிகம். ஒங்க ஆளுகளுக்குத் தோல் சாமானுக்கு நல்ல ஸ்கீம் எல்லாம் இருக்கே, அதப் பாக்கலாமே." பக்கத்துக் கவுண்டரில் நான் பணம் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை தப்பிப்போனது. அந்த அதிகாரியின் தாத்தா கோயிலில் மணியாட்டியவர். "சார், ஒங்களுக்கு அர்ச்சகர் ஸ்கீம் ஒண்ணு இருக்கே" என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் மகன் வெளிநாட்டில் மென்பொருள் எழுதுகிறான். அங்கே மரபு அறுந்துபோனதற்கு ஒருவரும் கண்ணீர் விடவில்லை.

3

இன்னொரு கணக்கு பாருங்கள். ஒரு கலையில் பணமும் மரியாதையும் வந்ததும் இந்தப் 'பரம்பரை' என்ன ஆகிறது?

சதிர் ஆடியது பரம்பரைக் குடும்பங்களே. கற்றுக்கொடுத்த நட்டுவனார்களும் பரம்பரைதான். 1930களில் அது பரதநாட்டியம் என்று பெயர் மாறியது. 1936இல் ருக்மிணி தேவி கலாசேத்ராவைத் தொடங்கினார். பார்ப்பன வீட்டுப் பெண்கள் மேடையேறினார்கள். பொட்டுக்கட்டுவதை ஒழிக்க 1947இல் சட்டம் வந்தது. அந்தக் கொடுமை ஒழிந்தது நியாயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அடிமைத்தனம் போனபோது ஆட்டத்தையும் சேர்த்து அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டார்களே, அப்போது "இது குடும்ப வழியில் வரும் கலை, அந்தக் குடும்பங்களிடமே இருக்கட்டும்" என்று எத்தனை சபாக்கள் தீர்மானம் போட்டன?

மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றும் வேண்டும். தோலைப் பதம் பார்த்து, வார் இழுத்து, சுருதிக்குக் கொண்டுவருகிறவர்களில் பலர் தலித் கிறிஸ்தவர்கள். அவர்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா எழுதிய புத்தகம் 2020இல் வந்தது. அதன் வெளியீட்டுக்கு முதலில் இடம் கொடுத்த கலாசேத்ரா பிறகு அனுமதியை ரத்து செய்தது. செய்கிறவன் பரம்பரையாகச் செய்யலாம், அதை மேடையில் வாசிக்கிறவன் பரம்பரையாக வாசிக்கலாம், அந்த இரண்டு பரம்பரையும் ஒரே மண்டபத்தில் உட்காரக்கூடாது. 'மரபைக் காப்போம்' என்பதன் உள்ளர்த்தம் இதுதான்: தோல் அங்கேயே இருக்கட்டும், நாதம் இங்கே வரட்டும்.

ஆக, பரம்பரை என்பது ஏணியின் கீழ்ப்படியில் இருப்பவனுக்கு மட்டும் போடுகிற விலங்கு. லாபம் வந்தால் கலை 'எல்லோருக்கும் பொது'. இழிவு மட்டும் இருந்தால் கலை 'உங்கள் ரத்தத்தில்'.

4

இவ்வளவு நேரம் எதிரியிடம் பேசினேன். இனி நம்மிடம்.

நம்ம தமிழ்த்தேசியத் தோழர்கள் பறையைத் 'தமிழரின் ஆதி இசை' என்கிறார்கள். உண்மை. தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களில் பறையைச் சேர்த்திருக்கிறது. இப்போது அமெரிக்கத் தமிழர்கள் வார இறுதியில் வகுப்பு வைத்துக் கற்றுக்கொண்டு பொங்கல் விழாவில் அடிக்கிறார்கள். சந்தோசம். ஆனால் அங்கே பறையைத் தோளில் போடுகிற அண்ணாச்சி சொந்த ஊருக்கு வரும்போது, எங்கள் தெருக் கேதத்துக்கு வந்து அடிப்பாரா? பறை தமிழனுடையது என்கிறவர்கள் பறையன் என்ற வசவும் தமிழனுடையது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். ஆங்கில அகராதிக்கு நாம் கொடுத்த வார்த்தைகளில் ஒன்று அது. ஒதுக்கப்பட்டவன் என்று அர்த்தம் போட்டிருக்கிறான். வாத்தியத்தை மட்டும் பொதுச்சொத்தாக்கி வசவை எங்களுக்கே விட்டுவைப்பது என்ன பாகப்பிரிவினை?

அடுத்தது நாம். இந்த இயக்கத்திலேயே இரண்டு குரல் உண்டு. தென்னாற்காட்டில் எல்.இளையபெருமாள் பறையடிக்கும் தொழிலை விடச் சொல்லி ஊர் ஊராகப் போனார். அது ஒரு குரல். தொண்ணூறுகளில் மதுரையிலும் பாண்டிச்சேரியிலும் நடந்த தலித் கலை விழாக்களில் பறையை விடுதலைக் கருவியாகத் தூக்கிப் பிடித்தோம். கே.ஏ.குணசேகரன் குரலெடுத்துப் பாடியதைக் கேட்டு ஒரு தலைமுறை நிமிர்ந்தது. அது இன்னொரு குரல். இரண்டும் நம்முடையவை. ஆனால் இரண்டாவது குரலில் பேசுகிறவர்கள், நான் உட்பட, பெரும்பாலும் பறையடிக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள். 'பறை அதிரும்', 'பறை எரியும்' என்று நானே பத்துக் கவிதை எழுதியிருக்கிறேன். எழுதிய கை நெருப்பில் தோலைக் காய்ச்சியதே இல்லை. சம்பளக் கை. அய்யா ஒரு கவிதையை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, "நல்லாத்தான்யா இருக்கு. ஆனா இதப் படிச்சிட்டு எவனாச்சும் நம்ம பயலுகள மறுபடியும் அடிக்கக் கூப்புட்ருவானுகளோன்னு இருக்கு" என்றார். எந்த விமர்சகரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

சரி, அப்படியானால் தூக்கி எறிந்துவிடுவோமா? இங்கேதான் என் சித்தப்பா குறுக்கே நிற்கிறார். அய்யா விட்டபோது அவர் விடவில்லை. இன்றும் அடிக்கிறார். மூணு கட்டையை வளைத்துச் சேர்த்துத் தகடு அடித்து, கன்றுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையில் ஒட்டி, அவரே தப்பு கட்டுவார். இப்போது பைபர் தோல் வந்துவிட்டது, காய்ச்ச வேண்டியதில்லை. "அது சட்டி சத்தம்டா" என்பார். இடது கையில் சிண்டுக்குச்சி, வலது கையில் அடிக்குச்சி. சாமிக்கு ஒரு அடி, சப்பரத்துக்கு ஒரு அடி, மருள் ஏற்ற ஒரு அடி, பிணம் தூக்கும்போது ஒன்று, சுடுகாட்டு எல்லையில் ஒன்று. தாளை எடுத்து எழுதி வைக்க முடியாத அறிவு. அவரிடம் போய், "விட்டுருங்க சித்தப்பா, ஏன் இன்னும்" என்றேன். "நீ பேங்க்ல ஒக்காந்துக்கிட்டுச் சொல்ற. எனக்கு யாரு சம்பளம் போடுவா? அதுவும் இல்லாம, அடிக்கும்போது எவனும் எனக்கு மேல இல்லடா. நிறுத்துனாத்தான் கீழ எறங்குறேன்" என்றார்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இருப்பதாக நடிக்கவும் மாட்டேன். அய்யா சரி. சித்தப்பாவும் சரி. ஒருவர் அவமானத்தைப் பார்த்தார், ஒருவர் ஆற்றலைப் பார்த்தார். இரண்டும் ஒரே தோலில் இருக்கிறது. இந்த இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தியது தப்பு இல்லை, 'நீதான் அடிக்க வேண்டும்' என்ற கட்டாயம்.

5

அப்படியென்றால் காப்பாற்ற வழி? குடும்பத்தை உடைப்பதுதான் வழி.

வேடிக்கையாகச் சொல்லவில்லை. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு இருக்கிறது. 1990இல் சகோதரி சந்திரா தொடங்கியது. பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், பறையடித்து ஆடுகிறார்கள். பரம்பரை விதிப்படி தப்பு அப்பனிடமிருந்து மகனுக்குப் போக வேண்டும், பொம்பளப் பிள்ளை தொடக்கூடாது. அந்த விதியை மிதித்தார்கள். ஊருக்கு இலவசமாக ஊழியம் செய்ய வேண்டும் என்ற விதியையும் மிதித்தார்கள். கலை அழிந்ததா? வளர்ந்தது. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' என்று சென்னையில் மேடை போட்டது. சபாக்களின் மாதத்தில் பறை கேட்டது. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஊரை விட்டு, ஊழியத்தை விட்டு, மேடைக்கும் மாணவர்களுக்கும் வந்தபோதுதான் இதெல்லாம் நடந்தது. களத்து நெல்லுக்குக் கையேந்திக்கொண்டு நின்ற காலத்தில் இல்லை.

காப்போம் என்று வருகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். முதலில், மறுக்கும் உரிமையைக் காப்பாற்றுங்கள். அடிக்க மாட்டேன் என்று சொன்னவன் வீட்டில் அடுப்பு அணைந்தால், அணைத்தவன் மீது வன்கொடுமைச் சட்டம் பாய வேண்டும். அடிக்க மறுத்தவனோடு நின்ற பிறகு அடிக்கிறவனைப் பாராட்ட வாருங்கள்.

அடுத்து, கூலி. சாராயமும் பத்து இருபது ரூபாயும் கூலி இல்லை. பேசி முடித்து, முன்பணம் கொடுத்து, தவில்காரரைக் கூப்பிடுவதுபோல் கூப்பிடட்டும். "வாங்க" என்று சொல்லிப் பழகட்டும்.

மூன்றாவது, நாற்காலி. அரசு இசைப்பள்ளிகளில் தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் முழுநேர ஆசிரியர் உண்டு. நாட்டுப்புறக் கலைக்குப் பகுதிநேர வகுப்பு. ஏன் பகுதிநேரம்? என் சித்தப்பா போன்றவர்களைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கேட்காமல் முழுச் சம்பளத்தில் ஆசிரியராகப் போடுங்கள். எங்கள் நகரத்தில் ஒரு இடத்தில் பறை வகுப்பு நடக்கிறது. சொல்லிக்கொடுப்பவர் ஆறு நாள் பயிலரங்கில் கற்றவர், சான்றிதழ் வைத்திருக்கிறார். பயிலரங்கில் அவருக்குக் கற்றுக்கொடுத்த கிழவரிடம் சான்றிதழ் இல்லை. சதிரில் நடந்தது இங்கே நடக்க விடக்கூடாது. கட்டாயம் மட்டும் எங்களோடு தங்கி, சம்பளம் மட்டும் இடம் மாறினால் அதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை, திருட்டு.

கடைசியாக, யாரும் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் முழுதாகக் கற்றுக்கொள்ளட்டும். பொங்கல் விழாவின் அடியை மட்டும் கற்றுக்கொண்டு சாவின் அடியை எங்களுக்கே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அந்தக் கல்லூரி மேடையில் பறையை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது அந்தப் பேராசிரியரிடம் ஒன்று கேட்டேன். மைக் அணைந்திருந்தது, அதனால் இங்கே எழுதுகிறேன். "சார், எங்க தெருவுல அடுத்து ஒரு கேதம் விழும். ஒங்க வீட்டுலருந்து ஒரு பிள்ளைய அனுப்புவீங்களா? விடிய விடிய அடிக்கணும். குழி வரைக்கும் வரணும். எங்க வீட்டுல சாப்புடணும்." அவர் சிரித்தார். வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டார்.

அப்படி ஒரு பிள்ளை வரட்டும். வந்த அன்றைக்கு ஒத்துக்கொள்கிறேன், இது கலைதான் என்று. நானும் பக்கத்தில் நின்று சித்தப்பாவிடம் முதல் அடியைக் கற்றுக்கொள்கிறேன்.